ரோமாபுரியின் நீர்க்கால்களும் அவற்றைக் காத்தவர்களும்

கி.மு. 144ஆம் ஆண்டில் ரோமாபுரியின் செனட் சபையார், அவ்வாண்டு பிரேட்டர் பதவி வகித்த குவின்டஸ் மார்சியஸ் ரெக்ஸ் என்பவரிடம் ஒரு பழுதுபார்க்கும் வேலையை ஒப்புவித்தார்கள். அந்நகருக்கு அக்காலத்தில் இருந்த நீர்க்கால்கள் இரண்டு. கி.மு. 312இல் ஆப்பியஸ் கிளாடியஸ் அமைத்த ஆப்பியா ஒன்று. பிர்ரஸ் மன்னனோடு நடந்த யுத்தத்தில் கிடைத்த கொள்ளைப் பொருளைச் செலவிட்டுக் கி.மு. 272இல் தொடங்கப்பெற்ற அனியோ மற்றொன்று. நூறாண்டுகளுக்கு மேலாக ஓடிய முதுமையினால் இரண்டும் பழுதுற்று ஒழுகின. ஒழுகியது போக எஞ்சியதையும் வழியிலிருந்தவர்கள் களவாகத் திருப்பிக்கொண்டார்கள். உடைப்பை அடைத்து, களவு போன நீரை மீட்டு, நகரம் பெருகிவிட்டபடியால் மேலும் நீர் கொண்டுவர வழியுண்டாவென்றும் ஆராய வேண்டும் என்பதே அவருக்கு இடப்பட்ட கட்டளை. அக்கட்டளையின் பயனாகத் தோன்றியதுதான் ஏறக்குறைய 91 கிலோமீட்டர் நீளமுள்ள மார்சியா என்னும் நீர்க்கால். குளிர்ச்சியிலும் தெளிவிலும் ரோமர்கள் மிகவும் போற்றிய நீர் அதன் வழியே வந்தது. உலகம் வியக்கும் அப்பெரிய நிர்மாணத்தின் சரித்திரம், ஒழுகும் கால்வாயைச் செப்பனிடுமாறு பிறந்த ஓர் உத்தரவிலிருந்து தொடங்குகிறதென்பது நினைவில் வைக்கத்தக்கது.

ரோமாபுரியைச் சூழ்ந்த சமவெளியில் வரிசை வரிசையாக நிற்கும் கல் வளைவுகளைச் சித்திரத்திலேனும் காணாதவர் அரியர். அவற்றைக் கண்டு, இத்தனை நீரை இத்தனை தூரத்திலிருந்து இயந்திரத்தின் உதவியில்லாமலே கொண்டுவந்த ஆற்றலை வியப்பது இயல்பேயாயினும், வளைவுகள் அந்நீர்வழிகளின் சிறு பகுதியே ஆகும். சுமார் 16 கிலோமீட்டர் நீளமுள்ள ஆப்பியாவில் நூறு மீட்டர் கூடத் தரைக்குமேல் இல்லை. மார்சியாவிலும் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு மண்ணுக்குள்ளேயே ஓடிற்று. கண்ணுக்குத் தோன்றாத அந்த நெடுவழியில், எந்தக் கல் பிளந்தது, எந்த இடத்தில் சுண்ணப்பூச்சு உரிந்தது, எந்தப் பக்கத்தில் எவன் துளையிட்டான் என்பதை நாள்தோறும் அறிந்துகொண்டே இருந்தாலொழிய, கட்டிய பெருமை சில ஆண்டுகளில் வறண்ட கல்லாய்ப் போயிருக்கும். பல நூற்றாண்டுகள் அந்நகரம் தாகமின்றி வாழ்ந்ததற்குக் கட்டியவர்களின் கல்வி எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் காத்தவர்களின் கண்காணிப்பும் ஆகும். அக்காவலின் முறையை நாம் விவரமாக அறியும்படி எழுதிவைத்துச் சென்றவர் செக்ஸ்டஸ் ஜூலியஸ் பிரான்டைனஸ் என்ற பெரியார்.

அவர் காலத்துக்குள் நீர்க்கால்கள் ஒன்பதாகிவிட்டன. மலைச்சாரலில் ஊற்றையோ ஆற்றையோ தடுத்து எடுத்த நீர், ஓர் ஆள் குனிந்தோ நிமிர்ந்தோ செல்லத்தக்க கற்கால்வாயில், மிக மெல்லிய சரிவில், தன் பாரத்தினாலேயே இறங்கி வரும். ஆறு கால்களின் நீர் நகருக்கு ஏழாம் மைல்கல்லின் அருகே மூடிய தொட்டிகளில் சற்றுத் தங்கி, வண்டலைப் படியவிட்டு, அங்கே அளவுகோல் பார்க்கப்பெற்றபின் மேலே செல்லும். நகருக்குள் வந்ததும் பகிர்வுத் தொட்டிகளில் விழும். பிரான்டைனஸ் காலத்தில் அத்தகைய தொட்டிகள் 247 இருந்தன. அவற்றிலிருந்து ஈயக்குழாய்கள் பிரிந்து, வீதிகளிலிருந்த 591 பொதுத் தொட்டிகளுக்கும், ஸ்நான மண்டபங்களுக்கும், சக்கரவர்த்தியின் மாளிகைகளுக்கும், அனுமதி பெற்ற தனியார் வீடுகளுக்கும் நீரைக் கொண்டு சென்றன. இரவும் பகலும் இடைவிடாமல் ஓடும்படி அமைந்த நீராதலால், எங்கே சிறு பழுது நேரிட்டாலும் அது தானே நின்றுவிடுவதில்லை. கண்டுபிடிக்கும் வரையில் ஓடிக்கொண்டே பழுதைப் பெருக்கும்.

இவற்றைக் காப்பதற்கென்று நிலையான ஒரு கூட்டத்தை முதலில் ஏற்படுத்தியவர் அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் தோழரான அக்ரிப்பா. கி.மு. 33இல் ஈடைல் என்னும் நகராட்சிப் பதவியை ஏற்ற அவர், பழைய கால்களைச் செப்பனிட்டுப் புதியதொன்றையும் சேர்த்தார். தம் சொந்த அடிமைகளில் 240 பேரை இந்தப் பணிக்கே ஒதுக்கினார். கி.மு. 12இல் அவர் இறந்தபோது அக்கூட்டம் அகஸ்டஸுக்கு உரிமையாயிற்று. அவர் அதைப் பொதுவுடைமையாக்கி, நீர்ப்பரிபாலனத்துக்கென ஓர் உயர்ந்த உத்தியோகத்தையும் நிறுவினார். பின்னர் கிளாடியஸ் சக்கரவர்த்தி, தாம் முடித்த புதிய கால்களின் பொருட்டு 460 பேரைக் கொண்ட இன்னொரு கூட்டத்தைச் சேர்த்தார். ஆக எழுநூறு பேர். அவர்களில் மேற்பார்வையாளர் உண்டு. பகிர்வுத் தொட்டி காப்போர் உண்டு. கால்வாயின் வழியே நடந்து சுற்றிப் பார்ப்போர் உண்டு. குழாய்க்காக வீதியைத் தோண்டினால் கல்தளத்தை மீண்டும் பாவுவோர் உண்டு. சாந்து பூசுவோர் உண்டு. சிலர் நகருக்கு வெளியே ஆங்காங்கே தங்கி, பெரிய வேலையாக இல்லாவிடினும் தாமதத்தைப் பொறுக்காத பழுதுகளை உடனுக்குடன் நீக்கினார்கள். மற்றவர் நகருக்குள் தொட்டிகளின் அருகிலேயே இருந்து, தீ விபத்து போன்ற திடீர் அவசரங்களில் பல பகுதிகளின் நீரையும் ஓரிடத்துக்குத் திருப்பிவிட்டார்கள்.

கி.பி. 97இல் நெர்வா சக்கரவர்த்தி இந்த நீர்ப்பரிபாலனத்தைப் பிரான்டைனஸிடம் ஒப்புவித்தார். அவர் அப்போது இளைஞரல்லர். பிரிட்டன் மாகாணத்தை ஆண்டு, சிலூரர் என்னும் வலிய கூட்டத்தாரை அடக்கியவர். யுத்த தந்திரங்களைப் பற்றி நூல் எழுதியவர். தம் வாழ்நாளில் மும்முறை கான்சல் பதவியை வகித்தவர். அத்தகையவர் இந்த வேலையைக் கீழ் உத்தியோகஸ்தர்களிடம் விட்டுவிட்டுக் கையொப்பம் மட்டும் இட்டிருந்தால், அக்கால வழக்கப்படி எவரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். அவரோ, பொறுப்பேற்ற தலைவன் உதவியாளர்களின் சொல்லை நம்பி நடப்பது இழிவென்று கருதினார். ஒவ்வொரு காலின் பிறப்பிடம், நீளம், உயரம், எந்த மைல்கல்லில் எந்த நீர் கலக்கிறது என்பன அனைத்தையும் குறித்துத் தம் உபயோகத்துக்காகவே ஒரு நூல் எழுதத் தொடங்கினார். எங்கே பள்ளத்தாக்கு, எங்கே ஆறு குறுக்கிடுகிறது, எங்கே மலைப்பக்கத்தில் ஒட்டிச் செல்லும் கால்வாய் அடிக்கடி கவனிக்கத்தக்கது என்று ஒரே பார்வையில் தெரியும்படி படங்களும் வரைவித்துக்கொண்டார். பழுது நேர்ந்ததாகச் செய்தி வந்தவுடன், அந்த இடத்திலேயே நிற்பவரைப் போல ஆலோசித்து முடிவு செய்வதற்கு அவை உதவின.

அடுத்தபடியாக அவர் கணக்குப் புத்தகங்களை வரவழைத்துப் பார்த்தார். நீரை அளப்பதற்கு அக்காலத்தார் கொண்ட அலகு குவினாரியா என்பது. ஒன்றேகால் விரல் குறுக்களவுள்ள குழாயின் வாயளவு அது. விரல் என்பது ரோமருடைய அடியில் வீசம். அரசாங்கக் கணக்கின்படி எல்லாக் கால்களிலும் வருவதாகக் காட்டப்பட்ட நீர் 12,755 குவினாரியா. நகருக்குள்ளும் வெளியிலும் பகிர்ந்தளித்ததாகக் காட்டப்பட்டதோ 14,018. வரவைக் காட்டிலும் செலவு 1,263 அதிகம். வராத நீரைக் கொடுப்பது எவ்வாறு? பல ஆண்டுகளாக எத்தனையோ அதிகாரிகள் கைமாறிய புத்தகத்தில் இந்த விபரீதம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. ஆச்சரியமடைந்த பிரான்டைனஸ், புத்தகத்தைத் திருத்திச் சரிக்கட்ட முயலவில்லை. கால்வாய்களின் தலைப்புக்கே போய் நீரை அளந்தார்.

அளந்தபோது ஆச்சரியம் பன்மடங்காயிற்று. புத்தகத்தில் 2,162 குவினாரியா என்று எழுதப்பட்ட மார்சியாவின் தலைப்பில் 4,690 இருக்கக் கண்டார். இரு மடங்குக்கும் மேல். எல்லாக் கால்களையும் சேர்த்துப் பார்த்தால், கணக்கில் ஏறாத நீர் சுமார் 10,000 குவினாரியா. தலைப்பில் ஓர் அளவு, வண்டல் தொட்டியில் ஓர் அளவு, பகிர்வில் ஓர் அளவு என்று அவர் இடந்தோறும் அளந்து ஒப்பிட்டபடியால், நீர் எந்தப் பகுதியில் மறைகிறதென்பது தெளிவாயிற்று. தலைப்புக்கும் தொட்டிக்கும் இடையே குறைந்தால் பழுதோ களவோ நாட்டுப்புறத்தில் இருக்கிறது. தொட்டிக்கும் பகிர்வுக்கும் இடையே குறைந்தால் நகருக்குள் இருக்கிறது. மண்ணுக்குள் ஓடும் நீரின் நோயை, மண்ணைத் தோண்டாமலே அறியும் உபாயம் இது. குழாயை இரண்டு இடங்களில் அளந்து வித்தியாசத்தைத் தேடும் இன்றைய பொறியாளரும் இந்தத் தத்துவத்தின்படியே நடக்கிறார்.

அவருடைய அளவையில் ஒரு குறை உண்டு. அதை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. குவினாரியா என்பது வாயின் பரப்பை மட்டும் அளப்பது. நீரின் வேகத்தை அளப்பதன்று. ஒரே வாய்ப்பரப்புள்ள இரண்டு கால்வாய்களில் வேகமாக ஓடுவது அதிக நீரைக் கொண்டுவரும். ஆகவே அவர் கண்ட 10,000இல் ஒரு பகுதி, வேகத்தின் வித்தியாசத்தால் தோன்றியதாகவும் இருக்கலாம். பெரிய ஆற்றிலிருந்து விரைந்து வரும் நீர் அளவைப் பெருக்குமென்பதை அவரே உணர்ந்து குறித்திருக்கிறார். ஆனால் வேகத்தைக் கணக்கில் சேர்க்கும் வழி அவர் காலத்துச் சாஸ்திரத்தில் இல்லை. வாய்ப்பரப்பையும் வேகத்தையும் பெருக்கியே ஓடும் நீரை அளக்க வேண்டும் என்ற நியதியை இத்தாலியரான பெனடெட்டோ காஸ்டெல்லி 1628இல் ஒரு நூலாக வெளியிட்டு நிலைநாட்டும் வரையில் இந்தக் குறை தொடர்ந்தது. கருவி முழுமை பெறாத காலத்திலும், ஒரே கருவியால் எல்லா இடத்தையும் அளந்து ஒப்பிட்டால் உண்மையின் பெரும்பகுதி வெளிப்படும் என்பதற்குப் பிரான்டைனஸின் பரிசோதனை ஒரு சான்று.

வெளிப்பட்ட உண்மை இனியதாக இல்லை. நீர் மறைந்ததற்கு முதற்காரணம் நீரைக் காக்க வைத்தவர்களே. அனுமதி பெற்றவனுடைய குழாய் பகிர்வுத் தொட்டியோடு சேரும் இடத்தில், அளவு பொறித்து முத்திரையிட்ட வெண்கலக் குழல் ஒன்றைப் பொருத்த வேண்டுமென்பது விதி. ஈயத்தைப் போல வெண்கலத்தைத் தட்டி அகலப்படுத்த இயலாது என்பதே அதன் காரணம். அந்தக் குழலிலிருந்து ஐம்பது அடி தூரம் வரையில் குழாயும் அதே அகலமாக இருத்தல் வேண்டும். பிரான்டைனஸோ, முத்திரையிடாத குழல்களையும், முத்திரையில் கண்ட அளவைவிடப் பெரிய குழல்களையும், குழலை ஒட்டியே பெரிய குழாய் இணைக்கப்பட்டதையும் கண்டார். குழலைத் தொட்டியில் தாழ வைத்தால் நீர் அதிகம் இழுக்கும், உயர வைத்தால் குறையும் என்பதை அறிந்த பணியாளர்கள், வேண்டியவனுக்குத் தாழவும் வேண்டாதவனுக்கு உயரவும் வைத்திருந்தார்கள். ஓர் உரிமை கைமாறும்போது புதியவனுக்குப் புதுத் துளை போட்டுவிட்டு, பழைய துளையை அடைக்காமல் அதன் நீரைத் தாமே விற்றார்கள். நீர் பெறுவதற்கு உபயோகித்த பெரிய குழாய்களின் அளவை நியாயத்துக்கு மேல் கூட்டியும், நீர் கொடுப்பதற்கு உபயோகித்த குழாயின் அளவைக் குறைத்தும் வைத்திருந்தது, கொள்ள ஒரு படியும் கொடுக்க ஒரு படியும் வைத்துக்கொள்ளும் வியாபாரியின் நடத்தையை ஒத்திருந்தது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, நகரத்தின் கல்தளத்துக்கு அடியில் ஓடிய பொதுக்குழாய்களில் ஆங்காங்கே துளையிட்டு, கடைகளுக்கும் பிறவற்றுக்கும் இரகசியக் குழாய்களை இழுத்துக் காசு வாங்கும் தொழிலே ஒன்று நடந்தது. பிரான்டைனஸ் அவற்றைத் தோண்டிப் பிடுங்கினார். பிடுங்கியதில் கிடைத்த ஈயமே கணிசமாக இருந்ததென்று அவர் எழுதுகிறார். நகருக்கு வெளியே கால்வாயை அடுத்து நிலம் வைத்திருந்தவர்களும் பின்வாங்கவில்லை. தோட்டம் பசுமையாக இருக்கும்பொருட்டு அவர்கள் கால்வாயின் பக்கத்தைத் துளைக்க, பொதுமக்களின் தொட்டிகள் காய்ந்தன. இத்துளைகள் நீரைக் களவாடியதோடு நிற்கவில்லை. துளையிட்ட கல் தளர்ந்து, தளர்ந்த கல்லின் வழியே நீர் கசிந்து, கசிந்த நீர் அடித்தளத்தை அரித்தது. களவாகத் தொடங்கியது உடைப்பாக முடிந்தபடியால், களவைப் பிடிப்பதும் கசிவை அடைப்பதும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு கூறுகளாகவே தோன்றின.

பழுதுகளின் காரணங்களை அவர் பகுத்துரைக்கும் முறை, நோயின் நிதானம் கூறும் வைத்தியருக்கு உரியது. நிலக்காரர்களின் அக்கிரமம், முதுமை, புயலும் மழையும், ஆதியிலேயே கட்டட வேலை கெட்டிருத்தல் ஆகிய நான்கையும் எடுத்துக்கூறி, கடைசியாகச் சொன்னது புதிய வேலைகளில்தான் அடிக்கடி நேர்கிறதென்றும் ஒளிக்காமல் எழுதுகிறார். இதற்கு உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. கி.பி. 38இல் தொடங்கி 52இல் முடிக்கப்பெற்ற கிளாடியா என்னும் பெருங்கால், பத்தாண்டுகளே ஓடி, இடிந்து, ஒன்பது ஆண்டுகள் நின்றுவிட்டது. வெஸ்பாசியன் சக்கரவர்த்தி 71இல் அதைச் செப்பனிட்டார். மீண்டும் கெட, அவர் மகன் டைட்டஸ் 81இல் தலைப்பு முதல் புதுப்பித்தார். கட்டியவரின் பெருமையைக் கூறும் சிலாசாசனத்துக்குக் கீழேயே செப்பனிட்ட இருவரின் சாசனங்களும் பொறிக்கப்பட்டு, ரோமாபுரியின் போர்ட்டா மஜோரே வாயிலில் இன்றும் காணப்படுகின்றன. தரைக்குமேல் வளைவுகளில் செல்லும் பகுதிகளும், அவற்றிலும் ஆற்றைக் கடப்பவையும், மலைச்சரிவில் ஒட்டிச் செல்பவையுமே அதிகம் சேதமுறுகின்றன. மண்ணுக்குள் உள்ளவை வெயிலுக்கும் உறைபனிக்கும் தப்பி நீடிக்கின்றன என்பதும் அவர் கண்டறிந்து கூறிய விதி.

கால்வாயின் உட்புறம் இரண்டு வகையில் கெடும் என்கிறார். அந்நாட்டு மலைநீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது நாளடைவில் கால்வாயின் சுவர்களில் படிந்து, கல்லாக இறுகி, வழியை நெருக்கும். பிரான்ஸ் தேசத்தில் நீம் நகருக்கு நீர் கொண்டுவந்த ரோமக் கால்வாயில் இந்தப் படிவு ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய ஒரு முழம் வளர்ந்திருப்பதை இன்றும் பார்க்கலாம். கவனிப்பு நின்றபின் நீர்வழி எவ்வாறு தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும் என்பதற்கு அதுவே சாட்சி. மற்றொரு வகைக் கேடு, உட்பூச்சு வெடித்தல். பூச்சு வெடித்தால் நீர் சுவருக்குள் புகும். சுவர் நனைந்து, கீழேயுள்ள தூண்களும் தளரும். இவற்றைப் பரிசோதிக்கவும் படிவை வெட்டி எடுக்கவும் மண்ணுக்குள் செல்லும் கால்வாய் நெடுகிலும் கிணறு போன்ற இறங்குவழிகள் விட்டிருந்தார்கள். அவற்றின் வழியே இருளில் இறங்கி, ஈரச்சுவரைக் கையால் தடவி வெடிப்பைக் கண்டு, படிவைக் கூர்க்கருவியால் கொத்தித் தூக்கி வெளியேற்றியவர்களின் உழைப்பு எத்தகையதென்று எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

செப்பனிடுவதற்குரிய காலத்தையும் முறையையும் பிரான்டைனஸ் வகுத்திருப்பதில் அவருடைய விவேகம் முழுதும் விளங்குகிறது. நீரை நிறுத்தாமல் செய்யத்தக்க வேலை வேறு, நிறுத்தியே செய்ய வேண்டிய வேலை வேறு என்று முதலில் பிரிக்கிறார். கட்டட வேலைகளுக்கு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நவம்பர் முதல் தேதி வரை தகுந்த காலம். அதிலும் கடுங்கோடையை விட்டுவிட வேண்டும், ஏனெனில் சாந்து மெல்ல உலர்ந்து ஒன்றாக இறுகுவதற்கு மிதமான பருவமே ஏற்றது, உறைபனியைப் போலவே கடும் வெயிலும் அதைக் கெடுக்கும். கால்வாயின் உள்ளே செய்ய வேண்டியவற்றையோ, மக்களுக்கு நீர் மிகவும் தேவைப்படும் கோடையில் தொடவே கூடாது. வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ, கல், சுண்ணாம்பு, ஆள் யாவற்றையும் முன்னதாகவே சேகரித்து வைத்துக்கொண்டு, கூடியவரை சில நாட்களுக்குள் முடிக்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு காலைத்தான் நிறுத்தலாம். நீரைத் தாங்கும் கட்டடத்தைப் போல நாணயமான வேலையை வேண்டுவது பிறிதில்லை என்பதும், அதன் விதிகளை எல்லோரும் அறிந்திருந்தும் அனுசரிப்பவர் சிலரே என்பதும் அவர் கருத்து.

நகருக்கு ஏழு மைலுக்கு உட்பட்ட வளைவுகளில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல கால்கள் சென்றபடியால், அங்கே நேரும் உடைப்பு நகரின் பெரும்பகுதியை ஒரே நாளில் தாகத்தில் ஆழ்த்திவிடும். அதற்கும் அவரிடம் உபாயம் இருந்தது. உடைந்த இடத்தில் கால்வாயின் மட்டத்துக்குத் தற்காலிகமாக ஒரு கட்டுமானம் எழுப்பி, அதன்மேல் ஈயத் தொட்டிப்பாதையை வைத்து, முறிந்த இடைவெளியை அதனால் இணைத்து நீரை அனுப்பிக்கொண்டே பழுதைத் தீர்த்தார்கள். உடைந்த குழாயைச் சுற்றி மாற்றுவழி அமைத்து நீரைத் தடையின்றி விடும் இன்றைய நகராட்சி வழக்கம் எவ்வளவு பழமையானதென்பதற்கு இது அத்தாட்சி.

நகருக்குள் ஓடிய குழாய்களின் வேலைத்திறனைப் பற்றி, பிரான்டைனஸுக்கு நூறாண்டுக்கு மேல் முற்பட்ட விட்ருவியஸ் என்ற சிற்ப சாஸ்திரியின் நூல் பல செய்திகளைத் தருகிறது. ஈயத் தகடுகளைப் பத்தடி நீளமாக வார்த்து வளைத்துக் குழாயாக்கினார்கள். விரிந்த தகட்டின் அகலமே குழாயின் பெயருக்குக் காரணமாயிற்று. ஈய வேலை செய்பவர்களின் வெளுத்த மேனியைச் சுட்டிக்காட்டி, குடிநீருக்குச் சுட்ட மண்குழாயே உகந்தது என்று அவர் வற்புறுத்துகிறார். மண்குழாயின் ஒரு முனை மற்றொன்றினுள் செருகும்படி அமைந்து, இணைப்பில் எண்ணெய் விட்டுப் பிசைந்த சுண்ணாம்பு பூசப்படும்; பழுது ஏற்பட்டால் யாரும் எளிதில் சரிசெய்துகொள்ளலாம் என்பதும் அதன் சிறப்பு. புதிய குழாய்வழியில் முதன்முதலாக நீரை விடும்போது தலைப்பில் சாம்பலைக் கலந்துவிட வேண்டும். இணைப்புகளில் எங்கேனும் சந்து இருந்தால், கசியும் நீரே சாம்பலை அங்கே இழுத்துச் சென்று அடைத்துவிடும் என்கிறார் அவர். கசிவு தன் வாயைத் தானே மூடிக்கொள்ளும்படி செய்யும் இந்தச் சூழ்ச்சி, ஏட்டறிவால் மட்டும் வந்திருக்க முடியாது. ஈரமண்ணில் முழந்தாளிட்டு வேலை செய்த கைகளின் அனுபவத்திலிருந்தே வந்திருக்க வேண்டும்.

சட்டமும் துணை நின்றது. கி.மு. 11இல் செனட் சபை செய்த தீர்மானத்தின்படி, ஊற்றுகளுக்கும் வளைவுகளுக்கும் சுவர்களுக்கும் இருபுறமும் பதினைந்து அடியும், மண்ணுக்குள் செல்லும் கால்வாய்க்கும் நகருக்குள் உள்ளவற்றுக்கும் ஐந்து அடியும் வெற்றிடம் விடவேண்டும். அதில் வீடோ கல்லறையோ எழுப்பலாகாது, மரமும் வைக்கலாகாது. மரத்தின் வேர் நீரைத் தேடிக் கால்வாயின் மேற்கூட்டையும் பக்கங்களையும் பிளப்பதால் எழுந்த விதி இது. மீறினால் 10,000 செஸ்டர்ஸ் அபராதம். அதில் பாதி குற்றத்தை வெளிப்படுத்தியவனுக்கு. கி.மு. 9இல் ஏற்பட்ட குவின்க்டியஸ் சட்டம், வேண்டுமென்றே காலைத் துளைத்தவனுக்கும் உடைத்தவனுக்கும் 1,00,000 செஸ்டர்ஸ் அபராதம் விதித்தது. ஆனால் அரசாங்கம் தண்டிப்பதோடு நிற்கவில்லை. செப்பனிடுவதற்கு வேண்டிய மண், களிமண், கல், மணல், மரம் ஆகியவற்றை அருகிலுள்ள நிலத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமை இருந்ததாயினும், நடுவர் மதிப்பிட்ட விலையைக் கொடுத்தே எடுக்க வேண்டும் என்பதும் அதே சபையின் தீர்மானம்.

ஊழியர்களின் ஒழுங்கைத் திருத்தியதும் பிரான்டைனஸின் பெரிய காரியம். மேற்பார்வையாளர்களின் தயவாலும் அசட்டையாலும் அந்த எழுநூறு பேரில் பலர் தனியார் வேலைக்குத் திருப்பப்பட்டிருந்தார்கள். அவர், ஒவ்வொரு பிரிவும் மறுநாள் என்ன செய்ய வேண்டுமென்பதை முதல்நாளே எழுதிக்கொடுத்தார். அன்றன்று என்ன செய்தார்கள் என்பதையும் பதிவு செய்வித்தார். மிக எளிய இந்த ஏற்பாடு, ஆட்களை மீண்டும் கால்வாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தது. அவர்கள் அடிமைகள் என்பதை நாம் மறக்கலாகாது. சக்கரவர்த்திகளின் பெயர் வாயில்களில் நிற்கிறது. ஈயக்குழாய்களில் அவற்றைச் செய்வித்தவர்களின் பெயரும் வார்த்தவர்களின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இருளில் இறங்கிப் படிவைக் கொத்தியவர்களில் ஒருவன் பெயரையும் பிரான்டைனஸின் நூல் கூறவில்லை. அந்நாகரிகத்தின் மீது படிந்த இந்தக் களங்கத்தை, அதன் பொறியியற் பெருமையைப் பாராட்டும் எவரும் உடன் சொல்லக் கடமைப்பட்டவர்.

இத்தனை பிரயாசையின் பலன் நகரமாந்தருக்குக் கிடைத்தது. துணி வெளுப்பதற்கும் இழிந்த உபயோகங்களுக்கும் கூடச் செலவாகிக்கொண்டிருந்த மார்சியாவின் தெளிந்த நீர் குடிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டது. கலங்கி வரும் பழைய அனியோவின் நீர் தோட்டங்களுக்குப் போயிற்று. பெரும்பாலான பொதுத் தொட்டிகளுக்கு இரண்டு வேறு கால்களிலிருந்து நீர் வரும்படி செய்தபடியால், ஒன்று செப்பனிடப்படும்போது மற்றொன்று உதவிற்று. நீர்வரியாக ஆண்டுதோறும் வந்த ஏறக்குறைய 2,50,000 செஸ்டர்ஸ், நெர்வாவுக்கு முன் ஆண்ட டொமிஷியன் சக்கரவர்த்தியின் காலத்தில் அவனுடைய சொந்தப் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. நெர்வா அதைப் பொதுமக்களுக்கே திருப்பித் தந்தார்.

பிற்கால சரித்திரம் இந்தக் காவலின் அருமையை மறுபுறத்திலிருந்து நிரூபித்தது. கி.பி. 537இல் ரோமாபுரியை முற்றுகையிட்ட கோத்தியரின் அரசன் விட்டிகிஸ் நீர்க்கால்களை வெட்டித் துண்டித்தான். அந்த நாள்களுக்கு முன் எத்தனையோ சேதங்களைப் பொறுத்துச் செப்பனிட்டுக்கொண்ட கால்கள், இப்போது செப்பனிடும் நிர்வாகமே குலைந்துவிட்டமையால், ஒவ்வொன்றாக வறண்டன. அக்ரிப்பா கி.மு. 19இல் கொண்டுவந்த விர்கோ மட்டும், பெரும்பாலும் மண்ணுக்குள் செல்வதாகையால், முற்றும் அழியாமல் நின்றது. எட்டாம் நூற்றாண்டில் போப் முதலாம் ஹேட்ரியனும், 1453இல் போப் ஐந்தாம் நிக்கலஸும் அதைச் செப்பனிட்டார்கள். 1762இல் முடிவுற்ற டிரேவி நீரூற்றுக்கு அதுவே நீர் தந்தது. மண்ணுக்குள் உள்ளது நீடிக்கும் என்ற பிரான்டைனஸின் வாக்கு இவ்வாறு மெய்யாயிற்று. அவருடைய நூலும் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. மான்ட்டே காசினோ மடத்தில் இருந்த பிரதியைப் போஜ்ஜோ பிராச்சியோலினி என்ற அறிஞர் 1429இல் கண்டெடுத்திராவிடில், இந்த விவரங்களில் பெரும்பாலானவை நமக்குக் கிட்டியிரா. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தாமஸ் ஆஷ்பியும் எஸ்தர் வான் டெமனும் அந்த இடிபாடுகளினூடே நடந்து ஆராய்ந்தபோது, ஒரே சுவரில் பல காலத்துச் செங்கற்களும் சாந்துகளும் அடுக்கடுக்காக இருக்கக் கண்டார்கள். பிற்காலத்தவர் இட்ட ஒட்டு வேலைகளே அவை. அவற்றைக் கொண்டே ஒவ்வொரு தலைமுறையின் பராமரிப்பையும் பிரித்தறிய முடிந்தது.

புதிதாகக் கட்டும் காரியத்துக்குக் கொடி தோரணம் உண்டு. கட்டியதைக் காக்கும் காரியத்துக்கு அவை இல்லை. அதனால்தான் எக்காலத்திலும் அரசாங்கங்கள் முன்னதற்குப் பொருளை வாரி வழங்கி, பின்னதற்குக் கை சுருக்குகின்றன. நீர் குறைந்தது என்ற கூக்குரல் எழுந்தவுடன் புதிய ஆற்றையும் புதிய ஏரியையும் தேடிப் புறப்படுவதற்குமுன், இருக்கும் குழாயில் எவ்வளவு புகுகிறது, எவ்வளவு வெளிவருகிறது என்று அளந்து பார்க்கும் பொறுமை ஆள்வோருக்கு வேண்டும். பிரான்டைனஸ் தம் காலத்தில் புதிய கால் எதையும் கட்டவில்லை. அளந்து, அடைத்து, ஒழுங்குபடுத்தியதனாலேயே புதிய கால்கள் சில கட்டியதற்கு ஒப்பான நீரை மக்களுக்கு மீட்டுத் தந்தார். தம் கல்லறையின்மேல் நினைவுச்சின்னம் எழுப்பலாகாதென்று அவர் தடுத்துவிட்டதாக அக்காலத்தவரான இளைய பிளினி குறிப்பிடுகிறார். வாழ்க்கை தகுதியுடையதாயின் நினைவு தானே நிற்கும் என்பது அவர் கொள்கை; அது பொய்க்கவில்லை. ஊரின் குடிநீரைப் பொறுப்பேற்கும் எவரும், கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அளவுகோலோடு கால்வாயின் தலைப்புக்குப் போவாராயின், அதைவிடச் சிறந்த மரியாதையைப் பிரான்டைனஸுக்குச் செய்ய முடியாது.